தெர்மாமீட்டரோடு மலையேறிய ஹூக்கர்... உங்க குடுவைச் செடி கோடையைத் தாண்ட அவர்கிட்ட பதில் இருக்கு!

ஆசை ஆசையாக வாங்கிய குடுவைச் செடி மார்ச் வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். இலை நுனியிலிருந்து கயிறு மாதிரி ஒரு தண்டு இறங்கி, அதன் முனையில் மூடி போட்ட குட்டிக் குடுவை தொங்கும். வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பாங்க. ஏப்ரல் பாதியில் ஆரம்பிக்கும் பிரச்னை. புது இலை வரும், ஆனால் நுனி வீங்காது. இருக்கிற குடுவைகள் மூடிப் பக்கத்திலிருந்து காய்ந்து பழுப்பாகும். பதறிப்போய் நிழலுக்கு மாத்துவோம், தண்ணியைக் கூட்டுவோம். மே முடியும்போது தொட்டி மட்டும் மிஞ்சும்.

பகல் வெயில்தான் செடியைக் கொன்னுடுச்சுன்னு நினைப்போம். பெரும்பாலும் கொன்றது ராத்திரி. சுவரும் தரையும் விடியும்வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும் ராத்திரி. மலையில் பிறந்த செடிக்கு அது பழக்கமே இல்லாத விஷயம்.

எந்தச் செடி எந்த உயரத்தில், எவ்வளவு குளிரில் வாழ்கிறது என்று கண்டறிவதற்காகவே ஆயுளில் பெரும்பகுதியைச் செலவழித்த ஒருவர் இருந்தார். பெயர் ஜோசப் டால்டன் ஹூக்கர். சார்லஸ் டார்வினின் நெருங்கிய நண்பர், லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர், இமயமலையில் நடந்தே சுற்றியவர். மேகாலயாவின் குடுவைச் செடிக்கு அறிவியல் பெயர் வைத்தவரும் அவரே. குடுவைச் செடி பூச்சியை உண்மையிலேயே ஜீரணிக்கிறது என்று மேடையேறிச் சொன்னவரும் அவரே. அவர் கதையைப் படித்தால், நம்ம மாடித் தொட்டியில் என்ன தப்பு நடக்குதுன்னு பாதி புரிஞ்சிடும்.

அப்பா வைத்த தோட்டம், மகன் ஏறிய கப்பல்

1817, ஜூன் 30. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள ஹேல்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார் ஜோசப். அப்பா வில்லியம் ஜாக்சன் ஹூக்கர், பின்னாளில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். மற்ற பையன்கள் பந்து விளையாடும் வயதில், ஏழு வயது ஜோசப் அப்பாவின் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தான். படித்தது மருத்துவம். ஆனால் மனசு முழுக்கச் செடி.

1839-ல் மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு, எரிபஸ் என்ற கப்பலில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் அந்தக் கப்பல் அன்டார்டிகாவை நோக்கிப் போனது. நான்கு வருஷப் பயணம். போகிற வழியில் இந்தியப் பெருங்கடலின் தெற்கு மூலையில் கெர்கெலன் என்ற பாழடைந்த தீவு. பாறையோடு பாறையாக உறைந்துகிடந்த பூஞ்சைப் பாசிகளைச் சுத்தியலால் தட்டியும், வரவில்லை என்றால் அவற்றின் மேலேயே உட்கார்ந்து உடல் சூட்டில் உருகவைத்தும் சேகரித்தார். வெப்பத்துக்கும் செடிக்குமான உறவை மனுஷன் எவ்வளவு நேரடியாகக் கற்றிருக்கிறார் பாருங்க!

அந்தப் பயணத்தில்தான் உயிருள்ள செடிகளைக் கடல் கடந்து அனுப்பும் சிக்கலும் அவருக்குப் பழக்கமானது. உப்புக்காற்று, வெயில், குடிநீர்ப் பஞ்சம் எல்லாம் சேர்ந்து கப்பலின் மேல்தளத்தில் வைத்த செடிகளைக் கொன்றுவிடும். நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கண்ணாடி பதித்து, இறுக்கமாக மூடிய மரப்பெட்டி. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே இறங்கும். வார்டியன் பெட்டி என்று பெயர். தொடக்க காலத்திலேயே அதைப் பயன்படுத்தியவர்களில் ஹூக்கரும் ஒருவர்.

இன்றைக்கு அலங்காரமாக மேஜை மேல் வைக்கிறோமே டெர்ரேரியம், அது இந்தப் பெட்டியின் பேரன்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை. மூடிய கண்ணாடிப் பெட்டியில் நேரடி வெயில் விழுந்தால் உள்ளே அடுப்பாகிவிடும். குடுவைச் செடிக்கு ஈரப்பதம் வேணும்னு படிச்சுட்டு, அதை மூடின கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னலோரம் வைக்கிறவங்க நிறைய. கோடையில் அரை நாளில் செடி வெந்துபோகும். ஈரமும் வேணும், காற்றும் ஓடணும்.

டார்ஜிலிங்கிலிருந்து சிறைக்கு

1847-ன் கடைசியில் இந்தியாவுக்குக் கப்பலேறினார் ஹூக்கர். அடுத்த ஆண்டு டார்ஜிலிங். அங்கே பிரையன் ஹாட்ஜ்சன் என்ற அறிஞரின் வீட்டில் தங்கிக்கொண்டு, சிக்கிம் மலைகளுக்குள் மாதக்கணக்கில் நடந்தார். கூடவே சுமை தூக்கிகள், காவலர்கள், செடி சேகரிக்கும் லெப்சா பழங்குடிகள். அவர்கள் இல்லாமல் அவரால் ஓர் அடி நகர்ந்திருக்க முடியாது. ஹூக்கரின் புகழ்பாடும் எழுத்துகளில் அந்தப் பெயர்கள் வருவது குறைவு.

சுமைகளில் முக்கியமானவை தெர்மாமீட்டர்களும் பாரோமீட்டரும். ஏறுகிற ஒவ்வொரு இடத்திலும் காற்றின் வெப்பத்தைக் குறித்தார். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டார். இன்னொரு வேலையும் செய்தார்: குழி தோண்டி, தெர்மாமீட்டரை மண்ணுக்குள் சில அடி ஆழத்தில் புதைத்து, மண்ணின் வெப்பத்தையும் எழுதிவைத்தார். செடி காற்றில் மட்டும் வாழ்வதில்லை, வேர் மண்ணில்தானே இருக்கு? பயணத்தைப் பற்றி அவர் எழுதிய இமாலயன் ஜர்னல்ஸ் புத்தகத்தின் பின்னிணைப்புகளில் இந்த எண்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பலரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள். எனக்கு அந்தப் புத்தகத்தில் ரொம்பப் பிடித்ததே அதுதான்.

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். அதாவது ஒரே அட்சரேகையில், ஒரே நாட்டில், கீழே வாழை, மேலே பனி. இந்தியா என்றாலே வெப்பம் என்று நினைத்துக்கொண்டிருந்த இங்கிலாந்துத் தோட்டக்காரர்களுக்கு இதைப் புரியவைத்தவை சிக்கிமிலிருந்து அவர் அனுப்பிய ரோடோடென்ட்ரான்கள். இருபதுக்கும் மேற்பட்ட புது வகைகள். உயரமான, குளிர்ந்த சரிவுகளில் சேகரித்த விதைகள் என்பதால் பிரிட்டனின் திறந்தவெளித் தோட்டங்களிலேயே பிழைத்துக்கொண்டன.

1849 நவம்பரில் ஒரு திருப்பம். ஹூக்கரும், டார்ஜிலிங்கின் ஆங்கிலேய அதிகாரி ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல்லும் சிக்கிம் திவானின் ஆட்களால் பிடிக்கப்பட்டார்கள். எல்லை கடந்து திபெத்துக்குள் போனது உட்பட பல புகைச்சல்கள் அதன் பின்னால் இருந்தன. கேம்ப்பெல் அடிபட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் இருவரும் விடுதலையானார்கள். அதைக் காரணம் காட்டி பிரிட்டிஷார் சிக்கிமின் ஒரு பகுதியையே எடுத்துக்கொண்டார்கள். செடி தேடிப்போன பயணம் ஒரு நாட்டின் நிலத்தைப் பறித்ததில் முடிந்தது.

காசி மலை: பேயின் கூடை

1850-ல் நண்பர் தாமஸ் தாம்சனோடு ஹூக்கர் போய்ச் சேர்ந்த இடம், இன்றைய மேகாலயாவின் காசி மலை. மழைக்காலத்தைச் செரபுஞ்சியில் கழித்தார்கள். மழைமானியை வைத்து அளந்தார்கள். ஒரே நாளில் 30 அங்குலம் கொட்டியதையும் பதிவு செய்தார்கள். நம்ம ஊர்களில் பல இடங்களில் ஒரு வருஷத்துக்கே அவ்வளவுதான் பெய்யும்.

இந்த மலைகளில்தான், இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனக் குடுவைச் செடி இருக்கிறது. காசி, ஜயந்தியா, காரோ மலைகள்தான் அதன் வீடு. காரோ மக்கள் அதை மெமாங் கோக்சி என்கிறார்கள், பேயின் கூடை என்று பொருள். காசி மொழியில் அரக்கப் பூ. ஹூக்கர் 1873-ல் அதற்கு வைத்த பெயர் நெப்பந்தஸ் காசியானா. பேயின் கூடைக்கு முன்னால் இந்தப் பெயர் கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கு.

அந்த மலையின் வானிலையைக் கொஞ்சம் கவனிங்க. செரபுஞ்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரம். கோடையில்கூட பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டித்தான். ராத்திரி 20-க்குக் கீழே இறங்கிவிடும். மழைக்காலம் முழுக்க மேகம் தரையில் படுத்துக்கிடக்கும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் மழையே கிட்டத்தட்ட இருக்காது. செடி காரோ மலையின் தாழ்வான பகுதிகளிலும் வளர்கிறது. அதனால்தான் குடுவைச் செடிகளிலேயே கொஞ்சம் கெட்டியான இனம் இது. வெயிலையும் குளிரையும் ஓரளவு தாங்கும். போர்னியோவின் உச்சி மலையில் வளரும் அதன் உறவினர்கள் அப்படி இல்லை.

காசி மலையில் ஹூக்கருக்கு ஒரு பெரிய தோல்வியும் காத்திருந்தது. அங்கே வாண்டா செருலியா என்ற நீல ஆர்க்கிட் மரக்கிளைகளில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. ஏழு ஆள் சுமை அளவுக்கு அதைச் சேகரித்து கியூவுக்கு அனுப்பினார். வழியில் நடந்த அசம்பாவிதங்களால் மிகச் சிலவே உயிரோடு போய்ச் சேர்ந்தன. அவரோடு தன் தோட்டக்காரரை அனுப்பிய இன்னொருவர் ஒரே ஓர் ஆள் சுமையை அனுப்பி, அதுவும் வாடிப்போன நிலையில் போய்ச் சேர்ந்தும், லண்டனில் 300 பவுண்டுக்கு விற்றார். ஹூக்கர் இதை மறைக்கவில்லை, தன் புத்தகத்தின் அடிக்குறிப்பில் கணக்கோடு எழுதினார். படிக்கும்போது, ஏழு ஆள் சுமைக்கு எத்தனை மரம் மொட்டையாகி இருக்கும் என்ற கேள்விதான் எனக்கு முதலில் வந்தது. அந்த ஆர்க்கிட்டும் சரி, குடுவைச் செடியும் சரி, பிற்காலத்தில் சேகரிப்பவர்களின் கைகளாலேயே அருகிப்போனவை.

பச்சைக் கண்ணாடி மாளிகை

இங்கிலாந்து திரும்பிய ஹூக்கர், டார்வினின் ஆசிரியரான ஹென்ஸ்லோவின் மகள் ஃபிரான்சஸைத் திருமணம் செய்துகொண்டார். 1855-ல் கியூவில் துணை இயக்குநர். 1865-ல் அப்பா இறந்ததும் இயக்குநர்.

நெப்பந்தஸ் 1789-லேயே கியூவுக்கு வந்துவிட்ட செடி. அதன் குடும்பத்தில் ஐரோப்பியர்களுக்கு முதலில் அறிமுகமானவற்றில் ஒன்று இலங்கையின் காடுகளில் வளரும் நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியா. வெப்பநாட்டுச் செடி என்பதால் இவற்றையெல்லாம் நிலக்கரி எரித்துச் சூடேற்றிய கண்ணாடி வீட்டில் வைத்தார்கள். அந்த வீடுகளுக்குப் பெயரே அடுப்பு. ஆங்கிலத்தில் ஸ்டவ் என்றுதான் தோட்டக்காரர்கள் சொன்னார்கள். தாழ்நிலக் காட்டுச் செடி அதில் பிழைத்தது. மலைச் செடி, ஆர்க்கிட் ஆகட்டும் குடுவை ஆகட்டும், செத்தது. அதுவும் கொத்துக் கொத்தாக. மலை ஆர்க்கிட்டுகளைக் குளிர்ந்த, காற்றோட்டமான வீட்டில் வளர்க்கணும் என்று தோட்டக்கலை உலகம் ஏற்றுக்கொள்ள 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியே தாண்டிவிட்டது.

கியூவில் வெயில் பிரச்னையும் இருந்தது. லண்டனில் வெயிலா என்று சிரிக்காதீங்க. கண்ணாடிக்குள் மாட்டிய வெயில் எந்த ஊரிலும் சுடும். 1848-ல் கட்டி முடிக்கப்பட்ட பனை மாளிகைக்குச் செம்பு கலந்து பச்சை நிறம் ஏற்றிய கண்ணாடியைப் பதித்தார்கள். இலைகள் கருகக் கூடாது என்பதற்காக வேதியியல் அறிஞர் ராபர்ட் ஹன்ட் சொன்ன யோசனை அது. மாடித் தோட்டத்தில் இன்று கட்டுகிறோமே பச்சை நிழல்வலை, அதே எண்ணம்தான். பிறகு லண்டனின் புகையே வெளிச்சத்தை மறைக்கத் தொடங்க, அந்த நூற்றாண்டின் இறுதியில் பச்சையை விட்டுவிட்டுச் சாதாரணக் கண்ணாடிக்கு மாறினார்கள்.

1859-ல் ஹூக்கர் போர்னியோவின் குடுவைச் செடிகளைப் பற்றி எழுதினார். ஹியூ லோ என்ற அதிகாரி கினபாலு மலையேறிக் கொண்டுவந்தவை. அதில் ஒன்று நெப்பந்தஸ் ராஜா. உலகத்திலேயே மிகப் பெரிய குடுவைகளைக் கொண்ட செடிகளில் ஒன்று, இரண்டு லிட்டருக்கும் மேல் தண்ணீர் பிடிக்கும். லோவோடு போன ஸ்பென்சர் செயின்ட் ஜான், ஒரு குடுவைக்குள் எலி செத்துக்கிடந்ததைப் பார்த்திருக்கிறார். ஹூக்கர் அந்தச் செடியை விவரித்தது காய்ந்த மாதிரிகளை வைத்துத்தான். உயிருள்ள செடி இங்கிலாந்துக்கு வர இன்னும் இருபது வருஷம் ஆனது. வீட்ச் என்ற புகழ்பெற்ற நர்சரி அதை வளர்த்துக் காட்டியது. ஆனால் 1,500 மீட்டருக்கு மேலே குளிர்ந்த மேகத்தில் வாழும் செடி அது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பியச் சேகரிப்புகளிலிருந்து ஏறக்குறைய காணாமல் போய்விட்டது.

சூடு யார் கையில்?

1870-களின் தொடக்கத்தில் ஹூக்கருக்கு வந்த சோதனை விநோதமானது. பொதுப்பணிகளுக்குப் பொறுப்பான அமைச்சராக ஆக்டன் அயர்டன் வந்தார். செலவைக் குறைப்பதில் கறார் பேர்வழி. கியூவும் அவர் துறையின் கீழ் வந்தது. செடிகளின் கண்ணாடி வீடுகளைச் சூடேற்றும் ஏற்பாடுகளை இயக்குநரிடமிருந்து எடுத்து, அவருக்கே சொல்லாமல், பணித்துறை அதிகாரியிடம் கொடுத்தார் அயர்டன். கீழே வேலை பார்க்கும் ஆளையும் ஹூக்கருக்குத் தெரியாமல் இழுக்கப் பார்த்தார்.

யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு செடிக்கும் எத்தனை டிகிரி வேணும்னு இமயமலை ஏறி அளந்துவந்த மனுஷன். அவர் தோட்டத்தின் வெப்பத்தை இனி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் முடிவு செய்வார். ஹூக்கர் விடவில்லை. பிரதமர் கிளாட்ஸ்டன் வரை போனார். 1872-ல் டார்வின், லையெல், ஹக்ஸ்லி, டிண்டல் என்று அந்தக் காலத்தின் பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. அடுத்த வருஷம் அயர்டன் வேறு பதவிக்கு மாற்றப்பட்டார். அதே 1873-ல் ஹூக்கர் ராயல் சொசைட்டியின் தலைவரானார். காசி மலைக் குடுவைக்குப் பெயர் வைத்ததும் அந்த வருஷம்தான்.

முட்டை வெள்ளைக்கரு சாப்பிட்ட செடி

டார்வினுக்கும் ஹூக்கருக்குமான நட்பு, செடிகளை அனுப்பிக்கொள்வதிலேயே வளர்ந்தது. 1863 பிப்ரவரியில் டார்வின் தன் வீட்டில் சின்னதாக ஒரு வெப்பக் கண்ணாடி வீடு கட்டியபோது, கியூவிலிருந்து வண்டி நிறையச் செடிகள் போயின. டார்வின் குழந்தை மாதிரிக் குதூகலித்தார். அதே வருஷம் செப்டம்பரில் ஹூக்கரின் ஆறு வயது மகள் இறந்துபோனாள். அவள் இறந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் கடிதம் எழுதியது டார்வினுக்குத்தான். டார்வினும் மகளைப் பறிகொடுத்தவர்.

பூச்சி தின்னும் செடிகளைப் பற்றி டார்வின் ஆராயத் தொடங்கியபோது, குடுவைச் செடியை ஹூக்கர் பார்க்கட்டும் என்று விட்டார். கியூவின் கண்ணாடி வீட்டில் ஹூக்கர் குடுவைகளுக்கு விருந்து வைத்தார். வேகவைத்த முட்டை வெள்ளைக்கருத் துண்டுகள், பச்சை இறைச்சி, குருத்தெலும்பு. ஒரு நாளில் முட்டைத் துண்டுகளின் ஓரங்கள் கரையத் தொடங்கின. அந்தத் திரவத்தைக் குடுவையிலிருந்து எடுத்து வெளியே கண்ணாடிக் குழாயில் வைத்தால் அதே வேகம் இல்லை. உயிருள்ள குடுவையே, உணவு விழுந்ததும் ஏதோ சுரக்கிறது என்று புரிந்துகொண்டார். குடுவைக்குள் மூன்று பகுதிகள் இருப்பதையும் பிரித்துக் காட்டினார்: மேலே தேன் சுரந்து அழைக்கும் வாயும் மூடியும், நடுவே மெழுகு பூசி வழுக்கும் சுவர், கீழே ஜீரணிக்கும் சுரப்பிகள். 1874 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் இதையெல்லாம் உரையாகக் கொடுத்தார். செடி மிருகத்தைத் தின்னுமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்த காலம். மறு வருஷம் டார்வினின் புத்தகமும் வந்தது.

அந்த உரை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நவம்பரில் மனைவி ஃபிரான்சஸ் திடீரென இறந்தார். கியூ நிர்வாகம், ராயல் சொசைட்டி, இந்தியத் தாவரங்களைப் பற்றிய ஏழு தொகுதி நூல் எல்லாம் தலைக்கு மேல் இருக்க, வீட்டில் தாயில்லாப் பிள்ளைகள். இரண்டு வருஷம் கழித்து ஹயசின்த் ஜார்டினை மறுமணம் செய்துகொண்டார்.

ஹூக்கர் குடுவைக்கு இறைச்சி போட்டார்னு நீங்களும் சிக்கன் துண்டு போட்டுடாதீங்க. அது சோதனை. வெயில் காலத்தில் குடுவைக்குள் இறைச்சி அழுகி, குடுவையே கறுத்துவிடும். ஓர் எறும்போ ஈயோ தானாக விழுந்தால் போதும். விழாவிட்டாலும் உடனே ஒன்றும் ஆகாது. சத்தில்லாத மண்ணில் நைட்ரஜனுக்காகச் செடி கண்டுபிடித்த வழி அது, சாப்பாட்டில் பெரும்பங்கை வெளிச்சத்தில்தான் சமைத்துக்கொள்கிறது.

சரி, நம்ம தொட்டிக்கு என்ன பண்றது?

முதலில், உங்க செடி மலைக்காரியா, சமவெளிக்காரியான்னு தெரிஞ்சுக்கோங்க. ஆம்புல்லாரியா, ரஃப்லேசியானா, கிராசிலிஸ், மிராபிலிஸ் போன்றவை தாழ்நிலக் காட்டுச் செடிகள், வெக்கையான ராத்திரியைத் தாங்கும். காசியானாவும், நர்சரிகளில் அதிகம் கிடைக்கும் வென்ட்ராட்டா கலப்பினமும் சமாளிக்கும். ராஜா, லோவியை, வில்லோசா மாதிரி உச்சி மலை இனங்களுக்கு ராத்திரி 15 டிகிரி அளவுக்கு இறங்கணும். ஏசி அறையோ மலை ஊரோ இல்லாமல் அவற்றை வாங்குவது பணத்தையும் செடியையும் வீணாக்குவது. விற்பவர் இனத்தின் பெயர் சொல்லவில்லை என்றால் வாங்காமல் வர்றது நல்லது.

ராத்திரி ஏன் இவ்வளவு முக்கியம்? பகலில் வெளிச்சத்தை வைத்துச் சேர்த்த சர்க்கரையை ராத்திரி சுவாசத்தில் செடி செலவழிக்கிறது. வெக்கை கூடக் கூட செலவும் கூடும். வரவைவிடச் செலவு அதிகமானால் முதலில் நிற்பது குடுவை. அதனால் சூரியன் இறங்கியதும் தரையை, சுவரை, தொட்டியைச் சுற்றி நன்றாக நனைத்துவிடுங்கள். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சின்ன ஃபேன் ஓடினால் இன்னும் நல்லது. சிமென்ட் சுவரை ஒட்டி வைக்காமல், மரம் அல்லது மற்ற செடிகளின் நடுவே தொங்கவிடுங்கள்.

வேரையும் மறக்க வேண்டாம், ஹூக்கர் தெர்மாமீட்டரைப் புதைத்த இடம் அது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் நின்றால் உள்ளே வேர் வெந்துவிடும். வெள்ளைத் தொட்டி போதும். அல்லது செடியின் தொட்டியைப் பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி, அந்த மணலை ஈரமாக வைங்க. மண் பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரித்தான். ரொம்ப மோசமான நாட்களில், தண்ணீர் பாட்டிலை உறையவைத்து மாலையில் தொட்டிகளுக்கு இடையே நிறுத்தலாம். வேர் மேல் ஐஸ் வைக்க வேண்டாம்.

குளிர்ந்த வேருக்கு எல்லோரையும்விட அடம்பிடிக்கும் செடி டார்லிங்டோனியா, நாகப்படம் மாதிரி தலை உள்ள அமெரிக்கக் குடுவைச் செடி. 1841-ல் முதலில் சேகரிக்கப்பட்டது கலிபோர்னியாவின் ஷாஸ்டா மலைப் பக்கம். 1877-ல் ஹூக்கரும் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேயும், ஜான் முயர் வழிகாட்ட அதே ஷாஸ்டாவுக்குப் போய் முகாமிட்டார்கள். பனி உருகி ஓடும் ஓடைகளின் ஓரத்தில் வளரும் செடி அது. மேலே வெயில் அடித்தாலும் கீழே வேர் ஜில்லென்று இருக்கும். நம்ம சமவெளிக்கு அது வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்திலும் கவனம். போர் தண்ணீரில் உள்ள உப்பு வேரில் படிந்து கொன்றுவிடும். மழைநீர் சிறப்பு, இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். டிடிஎஸ் 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. கலவை ஈரமாக இருக்கணும், ஆனால் நெப்பந்தஸைத் தட்டில் தேங்கிய தண்ணீரில் உட்காரவைத்தால் வேர் அழுகும். தேங்காய்நார்க் கழிவு போடுவதாக இருந்தால் உப்பு போக நாலைந்து முறை அலசுங்கள். உரம், தொழு உரம் எதுவும் வேண்டாம். மே மாதத்தில் தொட்டி மாற்றுவதும் வேண்டாம். 50 சதவிகித நிழல்வலைக்குக் கீழே காலை வெயில் கிடைத்தால் போதும். முழு இருட்டு நிழலில் தள்ளிவிட்டால் செடி உயிரோடு இருக்கும், குடுவை வராது.

காசித்தும்பையோடு கடைசி நாட்கள்

கியூவில் ஹூக்கர் காலத்தில் நடந்த இன்னொரு செடி வளர்ப்பு நம்ம மக்களின் வாழ்க்கையையே மாற்றியது. 1876-ல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த சுமார் 70,000 ரப்பர் விதைகள் கியூவில் விதைக்கப்பட்டன. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்குப் போயின. இலங்கையிலும் மலாயாவிலும் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது, அங்கே பால் வெட்டப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அது தனிக் கதை, ஒரு கட்டுரைக்குள் அடங்காது.

1885-ல் கியூவிலிருந்து ஓய்வு பெற்ற ஹூக்கர், சன்னிங்டேல் என்ற ஊரில் வீடு கட்டிக் குடியேறினார். இந்தியத் தாவரங்களைப் பற்றிய ஏழாவது தொகுதி 1897-ல் முடிந்தபோது அவருக்கு எண்பது வயது. சும்மா இருந்தாரா? காசித்தும்பைக் குடும்பத்தை எடுத்துக்கொண்டார். காய்ந்தால் கசங்கி உருத்தெரியாமல் போகும் பூ, ஆராய்ச்சியாளர்கள் தலைவலி என்று ஒதுக்கிய பூ. தொண்ணூறைத் தாண்டியும் பூதக்கண்ணாடியோடு அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1911, டிசம்பர் 10 அன்று 94 வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் டார்வினுக்குப் பக்கத்தில் இடம் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் அவர் விருப்பப்படி கியூவின் சின்ன தேவாலயத்தில், அப்பாவின் அருகில் புதைத்தார்கள்.

நெப்பந்தஸ் காசியானா இன்று சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில், மிகக் கடுமையான முதல் இணைப்பில் இருக்கிறது. மேகாலயாவின் தெற்கு காரோ மலையில் பாக்மாராவில் இந்தச் செடிக்கென்றே ஒரு சரணாலயம் உண்டு. காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீங்க, அது சட்டப்படியும் தப்பு. விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலோ நர்சரியில் வளர்த்த கன்றாகக் கேட்டு வாங்குங்க. நல்ல நர்சரி என்றால் தொட்டியில் பெயர்ச் சீட்டு குத்தியிருக்கும். செடியின் பெயருக்குப் பின்னால் ஹூக்.எஃப். என்று சின்னதாக ஓர் எழுத்துக் குறிப்பு இருந்தால், பெயர் வைத்தவர் இவர்தான். எஃப் என்பது லத்தீனில் மகன் என்பதன் முதல் எழுத்து. அப்பா ஹூக்கரும் தாவரவியலாளர் என்பதால், குழப்பம் வராமல் இருக்கச் சேர்த்தது.